திருநீறும் ஞாயிறுப் பள்ளியும்: மட்டக்களப்பில் ஐந்து நாட்கள்

முதல் நாள், புதன்: புளியந்தீவு

கொழும்புக் கோட்டையில் காலையில் ஏறிய உதயதேவி பிற்பகலில் என்னை மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. புனானையைத் தாண்டியதும் வெயிலின் நிறம் மாறுவதை நான் சிறு வயதிலிருந்தே கவனித்திருக்கிறேன். வாழைச்சேனைக்குப் பிறகு காற்றில் உப்பும் ஏறிவிடும். அறையில் பையை வைத்துவிட்டு, முகம் கழுவிய ஈரம் காயுமுன் புளியந்தீவு வாவிக்கரைக்கு நடந்தேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தாயார். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்து, 1950களின் பிற்பகுதியில் இந்த நகரத்தின் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையில் விடுதியில் தங்கிப் படித்தவர் அவர். கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாட்களில் வீட்டில் மீன் வாடையே அடிக்க விடாத அந்த அம்மா, யுத்த காலத்தில் ஷெல் விழும் இரவுகளில் எங்களைச் சுவரோரம் படுக்கவைத்துவிட்டு, தேவாரம் ஒன்றையும் அதன் பின்னே விவிலியத்தின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். எங்களுக்கு அது விநோதமாகத் தோன்றியதில்லை. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியனான பிறகுதான், இரண்டும் ஒரே வாயில் எப்படி வந்து சேர்ந்தன என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

வாவிக்கரையில், காந்தி பூங்காவை ஒட்டிய பழைய இறங்குதுறையில் வில்லியம் ஓல்டின் சிலை நிற்கிறது. அவருடைய கதையை அறிந்தவர்களுக்கு அந்த இடம் கொஞ்சம் கனக்கும். 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து இரண்டு கப்பல்களில் புறப்பட்ட மெதடிஸ்தத் திருச்சபையின் மிஷனரிக் குழுவில் அவரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். மனைவி வழியிலேயே கடலில் இறந்தார். குழுவின் தலைவரான தோமஸ் கோக்கும் 1814 மே 3ஆம் திகதி கப்பலிலேயே இறந்துபோனார். தலைவரை இழந்தவர்கள் 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் கரையேறி, யார் எங்கே போவது என்று தங்களுக்குள் பேசித் தீர்மானித்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு இருவர் போனார்கள். மட்டக்களப்புக்கு ஓல்ட் ஒருவர் மட்டும். இங்கே பாடசாலைகளைத் தொடங்கிய அவர் 1815 ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். அவர் இங்கு இருந்த காலம் ஒரு முழு வருடம்கூட இல்லை. அவர் போட்ட விதை இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

இலங்கைக்கு அவர்கள் வர முடிந்ததற்கும் ஓர் அரசியல் காரணம் உண்டு. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி, வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயத்தில், மிஷனரிகளை நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம்தான் அந்த வாசலைக் கொஞ்சம் திறந்தது. இலங்கையோ 1802 முதல் நேரடியாக முடிக்குரிய குடியேற்ற நாடாக இருந்தது. ஆளுநர் பிரவுன்றிக் அவர்களை விரும்பியே வரவேற்றார். பாடசாலையில் அவர்கள் இத்தனை பிடிவாதமாக இருந்ததற்கும் ஒரு பழைய அனுபவம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் அரசாங்கப் பதவி வேண்டியவர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது; ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் கழன்றதும், கரையோரங்களில் ஏட்டில் மட்டும் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள் திரள் திரளாகப் பழைய கோயில்களுக்கே திரும்பினார்கள். ஆகவே புதிதாக வந்தவர்கள் பதிவேட்டை நம்பாமல் பிள்ளைகளை நம்பினார்கள்.

இரவு அம்மாவுடன் தொலைபேசியில் பேசினேன். விடுதியில் சேர்ந்த நாள் பற்றிக் கேட்டபோது, இதுவரை சொல்லாத ஒன்றைச் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "நெத்தியில கிடக்கிற திருநீற்றக் கேற்றடியில துடைச்சுப் போட்டுத்தான் உள்ள போவம் மனே. வெள்ளிக்கிழமை வீட்ட வரக்குள்ள, தோணியால இறங்கினதும் பிள்ளையார் கோயிலடியில திரும்பப் பூசுவம்." யாராவது துடைக்கச் சொன்னார்களா என்று கேட்டேன். "சொல்லயில்ல. எல்லாப் பிள்ளையளும் துடைச்சுதுகள்" என்றார். அந்த விடுதிக் கட்டணத்துக்காக என் பாட்டனார் ஒரு சோடி எருமை விற்றார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த கதை.

இரண்டாம் நாள், வியாழன்: கோட்டையும் கூடைப்பந்தும்

நேற்று "மிஷனரிகள்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன்; அது சரியல்ல. இந்த ஊருக்குக் கிறிஸ்தவ வேதம் பல கப்பல்களில் வந்தது, ஒரு கப்பலில் வந்தவர்கள் மற்றக் கப்பலில் வந்தவர்களை அவ்வளவாக மதிக்கவும் இல்லை.

காலையில் கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது; ஒல்லாந்தர் 1638இல் பிடித்தது. கத்தோலிக்கம் முதலில் வந்தது அந்தப் போர்த்துக்கேயருடன்தான். அவர்களுடைய ஆட்சி இங்கே பத்து ஆண்டுகள்கூடச் சரியாக நிற்கவில்லை, ஆனால் அவர்களுடைய மொழியின் ஒரு கிளை இன்னமும் இந்த ஊரில் மூச்சு விடுகிறது. ஐரோப்பிய வழித்தோன்றல்களான மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வயதானவர்கள் பேசும் போர்த்துக்கேயக் கலப்பு மொழி, தமிழோடு நான்கு நூற்றாண்டு குடித்தனம் நடத்தியதால், வாக்கிய அமைப்பில் நமக்கு உறவாகிவிட்டது என்று மொழியியலாளர் சொல்வார்கள். தச்சு வேலைக்கும் இரும்பு வேலைக்கும் பெயர்பெற்ற அந்தச் சமூகத்தில் மொழி தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோட்டைக்குள் அப்போது அரசாங்க அலுவலகங்கள் இருந்ததால், நான் பீரங்கியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் என்னைச் சுற்றிப் பிறப்புச் சான்றிதழுக்கு அலைபவர்கள்தான் நின்றார்கள்.

பிற்பகல் புனித மிக்கேல் கல்லூரிப் பக்கம். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானபோது கிழக்கு மாகாணம் பிரெஞ்சு யேசுசபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இக்கல்லூரியை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தவராக ஊர் நினைவுகூரும் போனெல் அடிகளார் அந்தப் பிரெஞ்சு வரிசையில் வந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து இன்னொரு தலைமுறை வந்தது. அமெரிக்கர்கள் கொண்டுவந்தது என்ன என்று இந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கூடைப்பந்து. கிரிக்கெட் பித்துப் பிடித்த ஒரு நாட்டில், ஒரு சிறு வாவிக்கரை நகரம் கூடைப்பந்தில் பேர் எடுத்ததற்கு இறையியல் காரணம் எதுவும் இல்லை. அந்தப் பாதிரிமாருக்குத் தெரிந்த விளையாட்டு அது, அவ்வளவுதான். மட்டக்களப்பின் பாடும் மீன்களின் ஒலி 1960களில் இலங்கை வானொலியில் ஒலித்ததற்கும் லாங் என்ற யேசுசபை அடிகளார்தான் உதவினார். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று துடுப்பின் முனையைக் காதில் வைத்துக் கேட்பதை ஊரார் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தார்கள். அதைப் பதிவு செய்து உலகுக்குக் கேட்கவைக்க வெளியூர்க்காரர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதை நினைத்தால் எனக்கு நன்றியும் வருகிறது, ஒரு சின்ன எரிச்சலும் வருகிறது.

அவர்களில் சிலர் வெளியூர்க்காரராகவே இருந்துவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். யூஜின் ஹெபர்ட் அடிகளார், கூடைப்பந்துப் பயிற்றுநராக ஒரு தலைமுறையே அறிந்த மனிதர், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல்போனார். உடன் வந்த தமிழ் இளைஞரும் காணாமல்போனார். இருவரும் திரும்பவே இல்லை. அவருடைய தோழர் ஹரி மில்லர் அடிகளார் 1948இல் இங்கு வந்தவர். யுத்த காலத்தில் காணாமல்போனவர்களின் விவரங்களைக் கேட்டுக் குறித்து, அதிகாரிகளின் வாசலுக்கு அலைந்து, 2019இன் தொடக்கத்தில் இதே நகரத்தில் கண்ணை மூடினார். இதே மரபில் வளர்ந்த நம்மவரான சந்திரா பெர்னாண்டோ அடிகளார், பிரஜைகள் குழுவை நடத்தியவர், 1988 ஜூன் 6ஆம் திகதி புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மிஷன் என்றால் ஏகாதிபத்தியத்தின் கைக்கோல் என்று நான் மாணவனாக இருந்தபோது ஒரு கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கினேன். அந்தக் கட்டுரையில் இம்மூவருக்கும் இடம் இருந்திருக்காது.

மூன்றாம் நாள், வெள்ளி: கல்லடி

ஓட்டோக்காரத் தம்பியிடம் "மிஷனுக்குப் போக வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் பாலத்தைக் கடந்து கல்லடி உப்போடையில், இராமகிருஷ்ண மிஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் இந்த ஐந்து நாட்களும் தேடி வந்த விடயம் அந்த ஓட்டத்தில் முழுவதுமாக அடங்கிவிட்டது. ஒரு சைவ ஊரில், ஒரு சைவ இளைஞருக்கு, மிஷன் என்றால் காவியுடுத்த சுவாமிகளின் இடம்.

இங்கே சிவானந்த வித்தியாலய வளாகத்தில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. 1892இல் காரைதீவில் மயில்வாகனன் என்ற பெயரில் பிறந்தவர். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் பிறகு மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். அதே மிக்கேலில் கொஞ்சக் காலம் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் தங்களுடைய மிகச் சிறந்த கல்வியை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் 1922இல் சென்னைக்குப் போய் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று, ஊர் திரும்பிக் கிழக்கு முழுவதும் பாடசாலைகளை எடுத்து நடத்தினார். குருவின் பெயரிலேயே 1929இல் இந்த வித்தியாலயம் தொடங்கியது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர், 1947இல் யாழ் நூல், அதே ஆண்டு ஜூலையில் மறைவு என்று மற்றவற்றை எல்லோரும் அறிவார்கள்.

மதம் பரப்ப வந்தவர்களின் செல்வாக்கை மதம் மாறியவர்களின் தொகையைக் கொண்டு அளப்பது நம்மிடையே இரு தரப்பாருக்கும் பழக்கம். எத்தனை ஆத்துமாக்களைப் பெற்றோம் என்று அவர்கள் எண்ணினார்கள். எத்தனை பேரை இழந்தோம் என்று நாங்கள் எண்ணினோம். இந்த மாவட்டத்தில் இந்துக்களே இன்றும் பெரும்பான்மையினர். அந்தக் கணக்கின்படி பார்த்தால் இருநூறு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ஆனால் மதம் மாறாதவர்களிடம் அவர்கள் விட்டுச் சென்ற அச்சைப் பாருங்கள். விடுதியோடு கூடிய பாடசாலை, ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம், துறவியே அதிபராக இருக்கும் நிர்வாகம், வகுப்பு வகுப்பாகச் சமயபாடப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சமயம் சொல்லும் முறை. இவற்றில் எது முன்பு நம் கோயில்களில் இருந்தது? ஓதுவாரும் திண்ணைப் பள்ளியும் புராண படனமும் இருந்தன. ஞாயிறு வரவு இடாப்பு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எதிர்த்தவர்களே மிகவும் கவனமாகப் படித்தவர்கள். 1897இல் விவேகானந்தர் தம் அமைப்புக்கு மிஷன் என்று பெயரிட்டபோது, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் இட்டிருக்க மாட்டார்.

நாவலரும் விபுலாநந்தரும் இதில் ஒன்றுபோல இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாவலரிடம் போர்க்குணம் தூக்கலாக இருந்தது. ஊர்த்தெய்வ வழிபாட்டையும் அவர் சகித்தவர் அல்லர். விபுலாநந்தரோ கண்ணகியின் ஊரில் பிறந்து, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தம் வாழ்நாள் ஆராய்ச்சியைத் தொடங்கியவர். மிஷன் பாடசாலை கொடுத்த பௌதிகத்தைக் கொண்டு பழந்தமிழ் யாழின் நரம்புகளைக் கணக்கிட்டார். கடன் வாங்கியதை இப்படித் திருப்பிக் கொடுத்தவர்கள் குறைவு.

மாலையில் கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் சாய்த்துவிட்டுப் போன திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் கண்ணில் பட்டது. அந்த அலைக்குப் பின்னர் இந்தக் கரைக்கு வந்த நிவாரணக்காரர்களில் பலர் பொதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் பொதிக்குள் துண்டுப் பிரசுரமும் வைத்தார்கள். சர்ச்சை அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 2003இல் மென்சிங்கன் கன்னியர் சபையைச் சட்டரீதியாகக் கூட்டிணைக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் கூறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் ஒன்பதாம் உறுப்புரை அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற சிங்கள பௌத்தக் கட்சி கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடை மசோதாவின் சில பிரிவுகளும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று அதே நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, கன்னியர் சபை விடயத்தில் அவர்களுடைய உரிமை மீறப்பட்டதாகக் கருத்துத் தெரிவித்தது. மதமாற்றத் தடை மசோதாவைக் கைதட்டி வரவேற்ற சைவ நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். ஒன்பதாம் உறுப்புரையின் நிழல் நாளைக்கு யார் மேல் விழும் என்று அவர்களிடம் கேட்டேன், பதில் வரவில்லை.

நான்காம் நாள், சனி: காரைதீவு, கல்முனை

அம்பாறை மாவட்டத்துக்கு பஸ்ஸில் போனேன். களுவாஞ்சிகுடி, கல்லாறு, பாண்டிருப்பு என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் அந்த வீதியில், சன்னலோரம் கிடைத்தால் பாடசாலைப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போகலாம். மெ.மி. என்றால் மெதடிஸ்த மிஷன், றோ.க. என்றால் றோமன் கத்தோலிக்கம், இ.கி.மி. என்றால் இராமகிருஷ்ண மிஷன். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று அறுபது வருடங்களுக்கு மேலாகிறது. உரிமையாளர் மாறிவிட்டார், முதலெழுத்துக்கள் மாறவில்லை. அதிபர் அறையில் திருவள்ளுவர் படமும், பலகையில் மெதடிஸ்தமும், காலைக் கூட்டத்தில் தேவாரமும் இருக்கும் பாடசாலையில் நானே மூன்று வருடங்கள் படிப்பித்திருக்கிறேன்.

காரைதீவில் கண்ணகி அம்மன் கோயில் வெளிவீதியில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், பிளேன்டீ வரவழைத்து வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் பேசினார். மிஷன் பாடசாலைகள் இல்லாவிட்டால் இந்தக் கரையில் பெண் பிள்ளைகள் பாடசாலை வாசலைக் கண்டிருக்க இன்னும் ஐம்பது வருடம் எடுத்திருக்கும் என்பது அவருடைய கட்சி. அதே மூச்சில், "ஆனா சேர், நாங்க அவங்களிட்டப் படிச்சிட்டு, படிக்காத எங்கட ஆக்களையே காட்டான் எண்டு பாக்கப் பழகிட்டம். அதையும் அவங்கதான் படிப்பிச்சவங்க" என்றார். கூத்து ஆடுவதைப் படித்த குடும்பங்கள் இழிவாக நினைத்த காலம் ஒன்று இருந்ததை அவர் தம் கண்ணால் கண்டவர்.

முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில் இறங்கிச் சாப்பிட்டேன். அடுத்தடுத்து இருக்கும் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே இந்த விடயத்தில் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் பலர் மிஷன் பாடசாலைகளை நெடுங்காலம் தள்ளியே வைத்தார்கள். அதனால் ஆங்கிலக் கல்வியிலும் உத்தியோகத்திலும் பின்தங்கிய கவலைதான் முஸ்லிம் கல்வி முன்னோடியான சித்திலெப்பை போன்றவர்களைத் தூண்டி, 1892இல் கொழும்பில் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையைத் தொடங்க வைத்தது. திருநீற்றைத் துடைத்துவிட்டு உள்ளே போகலாம் என்று என் பாட்டனார் முடிவெடுத்தார். வாசலுக்கே போக வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். இரண்டு முடிவுக்கும் விலை இருந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிறு: படுவான்கரை

மத்திய வீதியில் சீயோன் தேவாலயத்தைக் கடந்தே பஸ் எடுக்கப் போனேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஞாயிறு வகுப்பு முடித்து வெளியில் நின்ற சிறுவர்கள் பலர் அங்கே கொல்லப்பட்டார்கள். தலையைக் குனிந்து கடப்பதைத் தவிர என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வாவியைத் தாண்டி மேற்கே உள்ள வயற்புறம் முழுவதும் படுவான்கரை. 1840களில் ரால்ஃப் ஸ்டொட் என்ற மெதடிஸ்தப் பாதிரியார் இந்தப் பக்கமாக உள்நோக்கிப் போய் வேடர்களிடையே வேலை செய்தார். வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தும் முயற்சியும் நடந்தது. ஆனால் குடியேறியவர்களில் பலர் காட்டுக்கே திரும்பினார்கள். அவர் இங்கே கற்ற தமிழ் வேறோர் இடத்தில் பயன்பட்டது. 1862இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களிடையே அவர் ஊழியம் செய்தார். மட்டக்களப்புத் தமிழ் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் பேசப்பட்டிருக்கிறது என்று நினைக்க எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இப்போது இங்கே வேலை செய்பவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். பக்கத்து ஊரில் பிறந்து, மோட்டார் சைக்கிளில் வரும் நம் தமிழ்ப் பாஸ்டர்கள். என் தாய்வழி உறவினர் வாழும் ஊரில், வயலோரத் தகரக் கொட்டகை ஒன்றில் அப்படி ஒரு சபை நடக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் ஒரு தங்கைமுறையானவளிடம் ஏன் சேர்ந்தாய் என்று கேட்டேன். அரிசிக்கும் தகரத்துக்கும் போனாள் என்று ஊர் சொல்வதை அவள் அறிந்தே இருந்தாள். "அண்ணன், அவர் குடிச்சிட்டு அடிக்கக்குள்ள ஊரில ஒருத்தரும் படலையத் திறந்து வரயில்ல. நுண்கடன் காசுக்கு ஆக்கள் வாசல்ல வந்து நிண்டு ஏசக்குள்ளயும் வரயில்ல. பாஸ்டரம்மா கிழமைக்கு ரெண்டு தரம் வந்து இருந்து என்ர கதையக் கேட்டா. அவர் இப்ப குடிக்கிறல்ல" என்றாள். எங்கள் கோயில் நிர்வாக சபைக்கு இதற்குப் பதில் இல்லை. வர்ணகுலமும் குடிமுறையும் பார்த்துத் திருவிழாப் பங்கு பிரிப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அவளுடைய வாசலில் காட்டியிருக்கலாம்.

ஆனால் அதே சபையின் சொற்படி அவள் போன வருடம் தன் தகப்பனின் அந்தியேட்டிச் சடங்குக்குப் போகவில்லை. அம்மன் கோயில் பேய்களின் வீடு என்று பாஸ்டர் பிரசங்கித்தாராம். அவளுடைய தாய் அதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. முற்றத்தைக் கூட்டிக்கொண்டே சொன்னாள். மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் இருநூறு ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட ஊர்மரியாதையை இவர்கள் முதலிலிருந்து கற்க வேண்டும் போலிருக்கிறது.

ஒன்பது மணிக்குக் கோயில் மடத்தில் அறநெறிப் பாடசாலை முடிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட முப்பது பிள்ளைகள் தாளம் போட்டுத் தேவாரம் பாடி, வரவு இடாப்பில் பெயர் சொல்லி, ஆளுக்கொரு ரொபி வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். அம்மம்மா கூட்டிவந்திருந்த அந்தத் தங்கையின் மகனும் அவர்களில் ஒருவன். எட்டு வயது இருக்கும். பத்து மணிக்குத் தாயோடு சபைக்குப் போக வேண்டும். வீட்டுக் கிணற்றடியில் வாளியைச் சரித்து, நெற்றியில் இருந்த மூன்று திருநீற்றுக் கோடுகளையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக் கழுவினான். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், "ஒருத்தரும் கழுவச் சொல்லயில்ல மாமா" என்று தானாகவே சொல்லிவிட்டு, ஈர முகத்தோடு கொட்டகைப் பக்கம் ஓடினான்.